மறுநாள் அரிச்சா எச்ஐவியா? டெட்டால் மெசேஜ நம்பாதீங்க

"உறவு வச்ச மறுநாளே அங்க அரிச்சா எச்ஐவி, டெட்டால் ஊத்தி கழுவுனா போயிரும்"னு நம்ம சுங்கை சிப்புட் தோட்டத்து பசங்க வாட்ஸ்அப்ல அனுப்பிக்கிறாங்க, ரெண்டுமே தப்பு. மறுநாள் எரிச்சல் பெரும்பாலும் உரசல்னால, இல்லன்னா காண்டம் ரப்பரோ வாசன சோப்போ ஒத்துக்காம வர்றது, எச்ஐவி ஒரே நாள்ல அரிப்பா காட்டாது. டெட்டால் எச்ஐவிய தடுக்காது, அந்த மெல்லிசு தோல பொசுக்கிரும், தயவுசெஞ்சு ஊத்தாதீங்க தம்பிங்களா, கழுவ வெறும் தண்ணி போதும். காண்டம் இல்லாம நடந்து பயமா இருந்தா, அரிப்பு இருக்கோ இல்லையோ, 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட பெப் (PEP), அதாவது எச்ஐவி தொத்தாம தடுக்குற மருந்து பத்தி கேளுங்க. புண்ணு, சீழ், ஒன்னுக்கு போறப்ப எரிச்சல்னா கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) போங்க, வெக்கப்பட்டு கண்ட கிரீம தேய்க்காதீங்க. உறவுல தொத்துற சிபிலிஸ் நோயோட புண்ணு பெரும்பாலும் வலிக்காது, வரவே 3 வாரம் கிட்ட ஆகும், தானா மறையும், ஆனா நோய் உள்ளயே இருக்கும்.