தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பிறகு வரும் பக்கங்கள்

பள்ளி ஆண்டு விழாவானாலும் அரசு விழாவானாலும் எழுந்து நின்று ‘நீராருங் கடலுடுத்த’ பாடுகிறோம். 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும் என்று 2021இல் அரசாணைகூட வந்தது. அந்தப் பாட்டு ஒரு நாடகத்தின் தொடக்கப் பக்கம். பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’. வாழ்த்துப் பாடி முடித்ததும் நாடகத்துக்குள் போக வேண்டும். நாம் உட்கார்ந்துவிடுகிறோம்.

மனோன்மணீயத்தை மேடையேற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அது படிப்பதற்கென்று எழுதிய செய்யுள் நாடகம். ஆனால் நாடகப் பிரதியை நாம் நடத்தும் விதத்துக்கு இதைவிடச் சரியான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி உள்பெட்டியில் வந்து கேட்கிறார்கள்: “புதுசா ஒரு நாடகம் சொல்லுங்க, கலைவிழாவுக்கு.” அப்புறம் தயங்கித் தயங்கி, “இருபது நிமிஷம்தான் தருவாங்க, கொஞ்சம் காமெடி இருக்கணுமாம்” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவர்கள் கையில் ஒரு நல்ல பிரதியைக் கொடுத்ததில்லை. ஒரு கல்லூரியில் மாணவர்கள் மூன்று வாரம் ஒத்திகை பார்த்த நாடகத்தை, அதில் சாதி பற்றிய பேச்சு வருகிறது என்று காட்சிக்கு முதல் நாள் மாலை நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் மைதானத்து ஓரம் உட்கார்ந்து, எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் வசனத்தை முழுக்கப் படித்துக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மேடை இல்லாமல்கூட நாடகம் நடக்கும், பிரதி இல்லாமல் நடக்காது.

புதிய நாடகம் எது என்ற கேள்விக்கு என் பதில் கொஞ்சம் வேறு. உங்கள் ஊரில் ஒருமுறைகூட யாரும் நடித்துக் காட்டாதது எல்லாம் உங்கள் ஊருக்குப் புது நாடகம்தான். தமிழில் நவீன நாடகம் எழுதப்படாமல் இல்லை. எழுதியவரோ அவருடைய குழுவோ நான்கைந்து காட்சி போடுவார்கள், புத்தகம் வரும், அதோடு சரி. வேறொரு ஊர்க்காரர்கள் அதை எடுத்து இரண்டாம் முறை செய்வது அரிதிலும் அரிது.

தெருக்கூத்தைப் பாருங்கள். பாரதக் கதை சொல்லும் ‘பதினெட்டாம் போர்’ எந்த ஜமாவுக்கும், அதாவது எந்தக் கூத்துக் குழுவுக்கும், சொந்தமில்லை, அதனால் எல்லா ஜமாவுக்கும் சொந்தம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் வேறொரு ஊரிலிருந்து வருவார். ஒத்திகையே கிடையாது. இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய ‘வள்ளித் திருமணம்’ நடக்கும். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய நாடகப் பாடம் எல்லோர் வாயிலும் இருப்பதால் இன்றும் நாடகம் நடக்கிறது. நவீன நாடகத்துக்கு அப்படி ஒரு பொதுப்பாடம் உருவாகவே இல்லை. அது என் ஆறாத வருத்தம்.

சரி, எதைப் படிக்கலாம்?

என் முதல் தேர்வு கவிஞர் இன்குலாப்பின் ‘ஔவை’. நம் மனதில் இருக்கும் ஔவை, 1953இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் காட்டிய ஔவை. நரைத்த தலை, கையில் கோல், நெற்றியில் திருநீறு. சங்கப் பாடல்களில் வரும் ஔவை அவள் இல்லை. 59 பாடல்கள் அவள் பெயரில் இருக்கின்றன. அதியமான் இறந்தபோது அவள் பாடியதைப் பாருங்கள்: “சிறியகள் பெறினே எமக்கீயும் மன்னே.” கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான், அதெல்லாம் போயிற்றே என்று அழுகிறாள். தொண்டைமானிடம் தூது போனவளும் அவள்தான். அவன் ஆயுதச்சாலையைக் காட்டியதும், உன் வேலெல்லாம் மயில்பீலி சூடி நெய் பூசிப் பத்திரமாக இருக்கிறது, அதியமானுடையது பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று தொண்டைமான் முகத்துக்கு நேரே பாடுகிறாள்.

இந்த இளம் ஔவையை, ஊர் ஊராக நடந்த பாணர் கூட்டத்துப் பெண்ணை, இன்குலாப் மேடைக்குக் கொண்டுவந்தார். அ. மங்கை அதை இயக்கினார். பறையும் நல்ல குரலும் உள்ள நான்கு பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் போதும், செட்டு எதுவும் வேண்டாம். ஔவையாக நடிக்கும் பெண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆத்திசூடி ஒப்பிக்கும் குரல் அதற்குச் சரிப்படாது.

அடுத்து யாழ்ப்பாணத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம். 2025 ஜனவரியில் மறைந்தார். 1978இல் அங்கே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளியிலேயே ஒரு பாடம், உயர்தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அவர் பெயரை நாடகக்காரர்களைத் தாண்டி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறியது. பிட்டுக்கு மண் சுமந்த சிவனின் கதையை நினைவில் வைத்துக்கொண்டு தலைப்பைப் படியுங்கள். ‘அன்னை இட்ட தீ’ போர் மனித மனத்தை என்ன செய்கிறது என்பதைப் பேசுகிறது. தலைப்பு, பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடியதாகச் சொல்லும் பாட்டிலிருந்து: “அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே.” ‘எந்தையும் தாயும்’ பாரதி வரி. “மகிழ்ந்து குலாவி இருந்ததும் இந்நாடே” என்று அவர் பாடிய அந்த எந்தையும் தாயும், பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போன பிறகு அந்த நாட்டிலேயே தனித்து இருக்கிறார்கள். நாடகம் அதுதான்.

எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடி நாடகம் வாசிக்கிறோம். ‘எந்தையும் தாயும்’ வாசித்த அன்று முதல் பத்து நிமிடம் சொதப்பல். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணப் பேச்சைச் சினிமாவில் கேட்ட மாதிரி இழுத்துப் பேச ஆரம்பித்தார்கள். நிறுத்தினோம். எழுத்தில் இருப்பதை எழுத்தில் இருக்கிறபடி, நம் வாயில் எப்படி வருகிறதோ அப்படிப் படிப்போம் என்று முடிவு செய்து முதலிலிருந்து தொடங்கினோம். ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’, ‘பேசுவது’ என்பதற்கு ‘கதைக்கிறது’ எல்லாம் தானாகப் பழகிவிட்டன. பாதியில், மகன் சவுதியில் இருக்கும் ஒரு அம்மா கையிலிருந்த ஜெராக்ஸ் தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்க படிங்கப்பா, நான் கேட்டுக்கிறேன்” என்றார். அவர் பங்கையும் பக்கத்தில் இருந்தவர் சேர்த்துப் படித்தார். முடிந்த பிறகு யாருக்கும் டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துக்காக எழுதிய நாடகம் எங்கள் ஊர் வீடுகளையும் பேசுகிறது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ இணையதளம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கே.ஏ. குணசேகரனின் ‘பலியாடுகள்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன குரல் அவருடையது. சிவகங்கை மாவட்டத்து மாரந்தைக்காரர், 2016இல் காலமானார். பலி கேட்கும் சடங்கு, பலியாகத் தேர்ந்தெடுக்கப்படும் தலித் ஆண், தனக்குப் பதிலாக மனைவியைக் கொடுக்கத் துணியும் அந்த ஆண். சாதியைப் பற்றிய நாடகம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவீர்கள், அது வீட்டுக்குள்ளும் வந்து நிற்கும். சின்ன நாடகம், வட்டமாக ஆட்கள் உட்கார்ந்திருக்க நடுவில் செய்யலாம். நான் சொன்ன கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி ஆட்களுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

பெரிய குழுவும் பேசத் தெரிந்த நடிகர்களும் இருந்தால் இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’. தாராவா ஔரங்கசீப்பா என்ற வாரிசுச் சண்டையை, பழைய கனவில் வாழும் ஷாஜகானை நடுவில் வைத்து எழுதியிருக்கிறார். எழுபதுகளில் எழுதியது, இன்றைய செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. அதே காலத்து ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ நாடகம், கதையைத் தேடுகிறவர்களுக்கு ஒத்துவராது. குரலும் உடம்பும் வைத்து விளையாட ஆசையுள்ள இளைஞர்களுக்கு அது விருந்து.

உண்மையிலேயே அண்மைக்காலத்தது வேண்டும் என்றால் ‘மஞ்சள்’. கையால் மலம் அள்ளும் கொடுமை பற்றிய பாஷா சிங்கின் நூலை வைத்து ஜெயராணி எழுத, ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கி 2017இல் வந்தது. சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் ஆட்கள் சாகும் ஊரில் இது எல்லா மாவட்டத்திலும் ஒருமுறையாவது நடக்க வேண்டிய நாடகம்.

முருகபூபதியின் நாடகங்களையும் சிலர் கேட்பார்கள். அவருடைய கோவில்பட்டி மணல்மகுடி குழுவின் காட்சி எங்கே நடந்தாலும் போய்ப் பாருங்கள், அதைப் போல வேறில்லை. ஆனால் நீங்கள் எடுத்துச் செய்ய முயல வேண்டாம் என்பேன். அந்தச் சொற்கள் அவருடைய நடிகர்களின் உடம்போடு சேர்ந்து பிறந்தவை.

ஒரு வேண்டுகோள். எதைச் செய்தாலும் எழுதியவரிடம், அவர் இல்லையென்றால் குடும்பத்தாரிடம், முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அழைப்பிதழில் எழுதியவர் பெயரை இயக்குநர் பெயருக்கு மேலே போடுங்கள். ஆயிரம் ரூபாயானாலும் ஒரு தொகை கொடுங்கள். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறோம், பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், எழுதினவருக்கு மட்டும் பொன்னாடையோடு முடித்துவிடுகிறோம்.

இந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் ‘பலியாடுகள்’ வாசிக்கிறோம். எட்டுப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நடிப்பு தெரிய வேண்டியதில்லை, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். பெண் குரல் இரண்டு குறைகிறது. வர முடிகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.