அது அன்றாடச் சாப்பாட்டு மேசை அல்ல

ஒருவர் டச்சு ஓவியர் வில்லெம் கால்ஃப் வரைந்த சிங்கி இறால் (lobster) ஓவியத்தைப் போட்டு, "17ஆம் நூற்றாண்டு டச்சு வீடுகளில் தினமும் இப்படித்தான் சாப்பிட்டார்கள், கேமரா இல்லாத காலத்துப் புகைப்படம் இது" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்தப் படத்தில் (சுமார் 1653) இறாலுக்குப் பின்னால் வெள்ளிப் பூண் போட்ட ஒரு கொம்பு இருக்கிறதே, அது எந்த வீட்டுப் பாத்திரமும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் வில்லாளர் சங்கம் ஒன்று விருந்துகளில் மது அருந்த வைத்திருந்த எருமைக் கொம்பு. 1565இல் செய்தது, இன்றும் அந்த நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கால்ஃப் அதை வேறு ஓவியங்களிலும் வரைந்திருக்கிறார். சீனப் பீங்கான், நாட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓட்டில் செய்த கோப்பை, பாதி உரித்த எலுமிச்சை எல்லாம் அவர் படங்களில் இடம் மாறி மாறி வரும். பொருள்களைப் பொறுக்கி அடுக்கி, ஒளியை இஷ்டப்படி விழவைத்த அரங்க அமைப்பு அது. எலுமிச்சைத் தோலின் சுருளை அவர் தீட்டிய விதத்துக்காகவே மணிக்கணக்கில் பார்க்கலாம், அது வேறு கதை.

சாதாரணக் குடும்பங்களின் சாப்பாடு ரொட்டி, கஞ்சி, பட்டாணி, ஹெர்ரிங் மீன், சீஸ், பீர். அதற்குச் சற்று நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் ஹார்லெம் நகரத்துப் பீட்டர் கிளாஸ் 1630களில் வரைந்த சிற்றுண்டிப் படங்களைத் தேடுங்கள். அவையும் அடுக்கி வரைந்தவைதான். ஆனால் தட்டில் ஹெர்ரிங்காவது இருக்கும்.