ஓல்ட் டவுன் பள்ளியில் குரல் தேர்வா?

அண்ணை, வெள்ளவத்தையில தொடங்கப்போற இசை வகுப்புக்குக் குரல் தேர்வு வைக்கச் சொல்றது உங்கட விருப்பம். ஆனா "சிக்காகோ ஓல்ட் டவுன் பள்ளியும் திறமைசாலிகளை மட்டும் வடிகட்டித்தான் எடுத்தது, அதாலதான் ரொஜர் மக்வின், ஜோன் ப்ரைன் எல்லாம் வந்தவை" எண்டு உங்கட பதிவில எழுதினது பிழை. அது அமெரிக்காவில நாட்டார் பாட்டும் கிட்டாரும் சொல்லிக்குடுக்கிற பள்ளி; மக்வினும் ப்ரைனும் அங்க படிச்சுப் பிறகு பேரெடுத்த பாடகர்கள்.

சிக்காகோவுக்குப் பக்கத்தில ஓக் பார்க்கில டோன் கிரீனிங் எண்ட அம்மாவின்ர வீட்டில ஃபிராங்க் ஹமில்டன் எண்ட இசைக்கலைஞர் நடத்தின கூட்டு இசை வகுப்புதான் அந்தப் பள்ளிக்கு விதை. அதைப் பாத்த பாடகர் வின் ஸ்ட்ராக்கி இதையே பள்ளியாக்குவம் எண்டு சொல்ல, 1957 டிசம்பர் 1இல நோர்த் அவெனியூவில திறந்தது. கையில கிட்டாரே பிடிச்சிராத ஆக்களுக்கும் கதவு திறந்துதான் இருந்தது. மக்வின் அங்க போகேக்க பள்ளிக்கூடப் பெடியன். ப்ரைன் பிறகு தபால்காரரா வேலை பாத்தவர். பேர் வந்தது படிச்சாப் பிறகு.

அங்கத்தை வழக்கம் ஒண்டு எனக்கு நல்லாப் பிடிக்கும். வகுப்புகள் முடிய எல்லாரும் ஒரே இடத்தில கூடுவினம். அதுக்குப் பேர் "இரண்டாம் பாதி". ஒரே பாட்டுத்தான். புதுசா வந்தவர் கிட்டாரில ரெண்டு, மூண்டு கோர்ட்டோட (chord, சேர்ந்தொலிக்கிற சுரங்கள்) தாளத்தைப் பிடிப்பார், தேறினவர் அதுக்கு மேல மெட்டை வாசிப்பார். குரல் தேர்வு வச்சா இந்த முறைக்கே வேலை இல்லை.

இன்னொண்டு: ஓல்ட் டவுன் பள்ளியில படிக்கிறது "இலவசம்" எண்டு உங்கட பதிவுக்குக் கீழ ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. அதுவும் சரியில்லை, கட்டணம் உண்டு.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளையளைத் தயார்ப்படுத்தத்தான் வகுப்பெண்டா அது வேற கதை, அதுக்குப் பாடத்திட்டம் இருக்கு. அப்பிடியெண்டா அதைச் சொல்லுங்கோ, சிக்காகோவைச் சாட்சிக்கு இழுக்காதேங்கோ.