மணிக்கட்டில் ஒரு வரைபடம், மண்ணடியில் ஒரு திண்டாட்டம்

சென்னை மண்ணடியில் தம்பு செட்டித் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் இணையாகப் போகின்றன. வழிகாட்டும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தின் வரைபடத்தில் அவை ஒட்டிக்கிடக்கும் இரு சாம்பல் கோடுகள். பெயர் போட இடமில்லை. காரில் போகிறவருக்கு வரைந்த படத்தைச் சுருக்கி, நடக்கிறவர் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத திரையில் ஊரையே திணிப்பானேன்?

வானம் திறந்த இடத்திலேயே ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தவறும். கட்டடங்கள் நெருக்கும் சந்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்ப, நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. இரும்புக் கடை வாசலில் திசைகாட்டியும் தடுமாறுகிறது. அம்புக்குறி எந்தப் பக்கம் என்று குனிந்து பார்ப்பதற்குள் மீன்பாடி வண்டிக்காரர் ஒதுங்கச் சொல்லிக் கத்துகிறார். அவர்மேல் என்ன தப்பு?

இங்கே யாரிடம் வழி கேட்டாலும், "காளிகாம்பாள் கோயிலைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்கள்" என்பார்கள். மீட்டர் கணக்கு யாரும் சொல்வதில்லை. கடிகாரம் செய்கிறவர்களே, அந்த ஒரு வரியைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டுங்கள். இடப்பக்கத்துக்கு ஓர் அதிர்வு, வலப்பக்கத்துக்கு இரண்டு என்று வையுங்கள், குனியவே வேண்டாம். எந்தத் தெரு என்று கடிகாரத்துக்கே நிச்சயமில்லையா? அதையாவது சொல்லட்டும். தெரிந்ததுபோல் அடித்துச் சொல்லி அலையவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.