கறுப்பு பீரில் ஆல்கஹால் அதிகம் என்பது சரியல்ல

கிராஃப்ட் பீர் ஆலைக்கு, அதாவது சிறிய அளவில் பீர் காய்ச்சும் இடத்துக்கு, முதல்முறை போகிறவர்கள் கறுப்பு பீரைத் தொட வேண்டாம், நிறம் கூடக்கூட ஆல்கஹாலும் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். பலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். நிறத்தை வைத்து ஆல்கஹால் அளவைச் சொல்ல முடியாது.

கறுப்பு நிறம் நன்றாக வறுத்த மால்ட்டிலிருந்து (முளைவிடச் செய்து உலர்த்திய தானியம்) வருகிறது. மொத்தத் தானியத்தில் அது சிறு பங்கு இருந்தாலே போதும், பீர் முழுக்கக் கறுத்துவிடும். ஆல்கஹால் வேறு கணக்கு. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த கரைசலில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, ஈஸ்ட் அதில் எவ்வளவு நொதிக்க வைத்தது என்பதைப் பொறுத்தது அது. கின்னஸ் டிராஃப்ட் கறுப்புதான், ஆனால் ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம். பெல்ஜியத்தின் டுவெல் பொன்னிறம், அதில் 8.5 சதவீதம்! இம்பீரியல் ஸ்டவுட் என்ற பீர் வகை கறுப்பாகவும், ஆல்கஹால் அதிகமாகவும் இருக்கும், உண்மைதான். ஆல்கஹால் கூடக் காரணம் நிறம் அல்ல, மொத்த மால்ட்டையே அதிகமாகப் போட்டுச் சர்க்கரையைக் கூட்டுவது. வெளிர் நிறம் என்றால் லேசானது என்று நம்பிக் கூடுதலாகக் குடித்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

சரிபார்ப்பது எளிது. லேபிளிலோ பட்டியலிலோ ஏபிவி (ABV, பீரின் கன அளவில் ஆல்கஹாலின் பங்கு) என்று போட்டிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். பக்கத்தில் ஐபியு (IBU) என்று இருந்தால் அது கசப்பின் அளவு, இதோடு சேர்க்க வேண்டாம். ஏபிவி போடவில்லையா? நொதிப்புக்கு முன்னும் பின்னும் அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து அளப்பது) எவ்வளவு என்று காய்ச்சுபவரிடம் கேளுங்கள். 1.050 இருந்தது 1.010 ஆகியிருந்தால், வித்தியாசத்தை 131ஆல் பெருக்குங்கள், சுமார் 5.2 சதவீதம்.