புதன்கிழமைப் பை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சிலபஸ் வச்சிருக்கீங்க?" என்பதுதான். மூன்று வருடமாக நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "புதன்கிழமை தவறாம லைப்ரரி போறோம்." அதெல்லாம் ஒரு பதிலா என்பதுபோல் பார்ப்பார்கள். என்னைப் பொறுத்தவரை அதுதான் முழுப் பதில். அதனால் இன்றைக்கு விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. பெரியவளை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினோம். அவள் படித்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஏதாவது கேட்டால், "சொன்னதை மட்டும் எழுது" என்று உட்கார வைத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் வீட்டிலும் கேட்பதை விட்டுவிட்டாள். ஓயாமல் தொணதொணத்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பிள்ளை வாயடைத்துப் போனதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நிறுத்திய பிறகு முதல் ஆறு மாதம் நான் செய்தது, அதே பள்ளியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்ததுதான். சுவரில் கால அட்டவணை. ஆன்லைனில் வரவழைத்த அறிவியல் கிட். மாதாமாதம் பணம் கட்டிய இரண்டு ஆப். பீரோ மேல் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின. அவள் அப்போதும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் வீட்டு வரி கட்டிவிட்டு வந்த ரசீதை அவளிடம் கொடுத்து, கூட்டல் சரியா என்று பார்க்கச் சொன்னேன். வீட்டு வரி 440. அதற்குக் கீழே நூலக வரி 44. "இது எதுக்கும்மா?" என்றாள். எனக்கும் அன்றுதான் அது கண்ணில் பட்டது. இத்தனை வருடமாக நாம் கட்டுகிற வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குப் போகிறது. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் அதற்கு அடிப்படை. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டமும் அதுதான். சதவீதக் கணக்கை அந்த ரசீதை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நாம ஏற்கெனவே காசு குடுத்துட்டோம்ல? ஏன் போகல?" என்றாள்.

அடுத்த புதன்கிழமை போனோம். அன்றிலிருந்து புதன்தான். வாரநாள் காலை என்றால் கூட்டமிருக்காது. டவுன் பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை, சின்னவனுக்கு மட்டும் அரை டிக்கெட். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். காய்கறிக்கு அதை யாரும் தொடக்கூடாது. படித்து முடித்த புத்தகம் அன்றன்றே அதற்குள் போய்விட வேண்டும். அப்படிச் செய்தால் புதன் காலையில் கட்டிலுக்கடியில் தேட வேண்டியிருக்காது.

நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு சின்னது. ஒரு புத்தகம் அவரவர் விருப்பம். இன்னொன்று இதுவரை கை வைக்காத அலமாரியிலிருந்து. கணக்குக்கு மட்டும் அரசுப் பாடநூலை வைத்து தினமும் ஒரு மணி நேரம். மற்றதெல்லாம் அந்த வாரத்துப் பையில் என்ன வந்ததோ அதைப் பின்தொடர்ந்து போவோம்.

போன கார்த்திகையில் சின்னவன் இப்படித்தான் பறவைகள் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை இழுத்துக்கொண்டு வந்தான். அட்டை கிழிந்து, படமெல்லாம் கருப்பு வெள்ளை. அதில் நத்தைகுத்தி நாரையின் படத்தைப் பார்த்துவிட்டு, "வாய் மூடவே இல்லையே, வரைஞ்சவங்க தப்பா வரைஞ்சிட்டாங்களா?" என்று கேட்டான். இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவுக்குப் பின்னால் நடவு வயலில் அதே நாரை நின்றது. வரப்பில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்தோம். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி. சேற்றுக்குள் விட்டுத் துழாவி நத்தையைக் கவ்வி எடுத்தது. தப்பாக வரையவில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான். பிறகு வடுவூர் ஏரிக்குப் போனோம். நாமக்கோழி, அரிவாள் மூக்கன் எல்லாம் பெயர் சொல்லிக் காட்டினான். ஏரியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பெரியவள் கேட்டதில் மேட்டூர், கல்லணை, வாய்க்கால் முறை என்று மூன்று வாரம் ஓடியது. எந்தப் பாடத்திட்டத்தில் இதை நான் எழுதி வைத்திருக்க முடியும்?

அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தபோது சின்னவன் அழுதான். "புதுசு வாங்கித் தாங்கம்மா" என்றான். வாங்கியிருக்கலாம். நான் வாங்கவில்லை. இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். நூலகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பெரிய பாடம் திருப்பிக் கொடுப்பது. பிடித்த ஒன்றை நன்றாக அனுபவித்துவிட்டு, கிழிக்காமல், மடக்காமல் அடுத்தவருக்கு விட்டுவிட்டு வருவது. வாரா வாரம் அதைச் செய்து பழகிய பிள்ளைகள் கடைத்தெருவில் அடம்பிடிப்பது தானாகவே குறைந்தது. ஒரு பொருளைப் பார்த்தால் "இது நமக்கே வேணுமா, யார்கிட்டயாவது வாங்கிட்டுக் குடுத்துடலாமா?" என்று பெரியவள் கேட்கிறாள். அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டோம். ஆப் இரண்டையும் நிறுத்தினோம். ஏணி, பெரிய தேக்சா, தையல் மெஷின் எல்லாம் இப்போது எங்களுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் பொது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்குப் போவதை விட்டு ஒரு வருடமாகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எந்தக் கடையில் விலைக்கு வாங்க முடியும்?

நூலகர் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த ஓ31 என்ற எண்ணைக் காட்டி, "ஓ என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ். அதுக்கப்புறம் 1 வந்தா கவிதை, 2 நாடகம், 3 கதை" என்று பெரியவளுக்கு விளக்கினார். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்க, சீர்காழிப் பக்கத்தில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அது. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோர்ப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று முதல் அவள் அலமாரியை எண்ணை வைத்துத்தான் தேடுகிறாள். நம் மன்னார்குடிப் பக்கத்தில், மேலவாசலிலிருந்து 1931இல் ஊர் ஊராக ஒரு மாட்டுவண்டி நூலகம் போயிருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். வண்டி கட்டிப் புத்தகம் வந்த ஊர்க்காரர்கள் நாம். பஸ் ஏறிப் போக நமக்கு அலுப்பாக இருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு டி.சி. வாங்கிவிட வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளியைப் பற்றியே பேசுகிறது. வீட்டுக்கல்வி பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். எங்கள் கணக்கு அதுதான். பகல் முழுவதும் பெரியவர் ஒருவர் வீட்டிலிருக்க முடிகிற குடும்பத்துக்கே இது சரிப்படும். இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் இதைச் சொல்வது நியாயமில்லை. ஆனால் வாரம் ஒரு நாள் நூலகம், அது பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் முடியும். தெருக்கோடியில் இருக்கும் கிளை நூலகத்துக்குச் சனி, ஞாயிறில் ஒரு மணி நேரம் போதும். என்றைக்கு விடுமுறை என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஒரு வருத்தமும் இருக்கிறது. நாங்கள் முன்பு குடியிருந்த ஊரில் சிறுவர் புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி கேட்டால், "பிள்ளைங்க கிழிச்சிடும்" என்றார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது நூலகங்களுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. பூட்டிய பீரோவுக்குள் அந்த வாசகர் எப்படிக் கை நீட்டுவார்? கிழிந்தால் ஒட்டலாம். அப்படி எங்காவது பார்த்தால் தயவுசெய்து சாவி கேளுங்கள். ஒரு தடவை இல்லை என்றால் அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள். வாசகர் வட்டம் இருந்தால் அங்கே எழுந்து பேசுங்கள். கையில் 1000 ரூபாய் இருந்தால் அதை நூலகத்துக்குக் கொடுத்துப் புரவலராகச் சேருங்கள்.

அந்தப் பறவைப் புத்தகத்தின் பின்னட்டையில் தவணைச் சீட்டு இருக்கிறதே, அதில் எங்களுக்கு முந்தைய முத்திரை ஒன்பது வருடத்துக்கு முன்னால் குத்தியது. சின்னவனுக்கு அது பெரிய கவலை. போகும்போதெல்லாம் எடுத்து, புதிதாகத் தேதி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பான். இதுவரை விழவில்லை. பக்கத்துத் தெரு நண்பனிடம் நாரையைக் காட்டி ஆசை மூட்டி வைத்திருக்கிறான். வருகிற புதன்கிழமை பள்ளி விடுமுறை. அவனையும் எங்களோடு அனுப்பச் சொல்லி அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு இரண்டு அரை டிக்கெட் எடுக்க வேண்டும்.