முதலில் அந்தப் படத்தை நீக்குங்கள்

மூன்று நாட்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு என் சொந்த அத்தை மகனே அந்தப் பதிவைப் பகிர்ந்து, ‘இவனையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது?’ என்று ஒரு வரியும் சேர்த்து, என் பெயரையும் அதில் கோத்துவிட்டிருந்தான். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

எந்தப் பதிவு என்று தெரியும்தானே? பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவு, அழுத குழந்தை, ‘ரவுடி’ வழிகாட்டி: தன் பிள்ளையை வழிகாட்டி மிரட்டி அழவைத்தான் என்று, எங்களோடு சுற்றுலா வந்த நம் நண்பர் ஒருவர் படத்தோடு போட்டாரே, அதுதான். உங்களில் பாதிப் பேர் அதற்குக் கோபக் குறி போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். நானும் அந்தப் படகில் போனவள். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது எடுத்தவருக்கு ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாதமெல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம். முகம் பளிச்சென்று தெரிகிற அந்த இளைஞனின் படத்தை முதலில் நீக்குங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து ஒரு வேனில் 22 பேர், குழுச் சுற்றுலா. ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பில் ‘டால்பின் தரிசனம்’ என்று ஒரு வரி இருந்தது. டால்பின்களுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பாம்பன் பாலத்தில் அரை மணி நேரம் செல்ஃபி. குந்துகால் படகுத்துறையில் இட்லிப் பொட்டலம். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய கரை இதுதான் என்று எங்கள் குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் இட்லி ஆறிப்போகும் வரை பேசினார். பிறகு பைகளைப் பார்த்து, பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள்.

படகு கிளம்பும் முன் வனத்துறைப் படகின் அந்த வழிகாட்டித் தம்பி மூன்று விஷயங்கள் சொன்னான். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எந்த உயிரையும் வெளியே எடுக்காதீர்கள். சிப்பியோ கல்லோ, தீவிலிருந்து ஒன்றையும் கொண்டுவராதீர்கள். இரண்டு முறை சொன்னான். இரண்டு முறையும் பதிவு போட்ட நம் நண்பர் செல்பேசியில் யாரிடமோ மனை விலை பேசிக்கொண்டிருந்தார்.

அவருடைய பையனுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். பாவம், தீவில் அவனுக்குத் துணைக்கு வேறு பிள்ளைகள் இல்லை. தானாகவே கரையோரம் அலைந்து, தான் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவில் எதையோ சேர்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் படகுக்கு நடக்கும்போது அந்த டப்பாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம். நகத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. எனக்கே கேட்டது. வழிகாட்டிக்குக் கேட்காதா? “என்னடா இது, திற” என்றான். பையன் திறக்கவில்லை. தம்பி வாங்கித் திறந்து, அத்தனையையும் மணலில் கொட்டிவிட்டான். பதினொரு சங்குகள், கட்டைவிரல் அளவில் சில, அதைவிடச் சிறியவை பல. பையன் ஓவென்று அழுதான். இதுவரைக்கும் அந்தப் பதிவில் இருக்கிறது.

பதிவில் இல்லாததைச் சொல்கிறேன். தம்பி மணலில் உட்கார்ந்து, “அழாதே, அசையாமல் பார்” என்றான். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சங்கு லேசாக ஆடியது. வாயருகே கடுகு மாதிரி இரண்டு கண்கள். அப்புறம் ஒரு கொடுக்கு, அதன் பின்னால் கால்கள். சங்கு எழுந்து நடந்தது. அடுத்து இன்னொன்று. பதினொன்றில் ஐந்து நடந்து போயின. துறவி நண்டு. பின்னுடம்பு ஓடில்லாமல் மெத்தென்று இருக்கும் பிராணி அது. காலியான சங்கு ஒன்றுக்குள் புகுந்துகொண்டு, அதைத் தூக்கிக்கொண்டே பிழைக்கிறது. வளர வளரப் பெரிய சங்கு தேட வேண்டும். “இந்த ஆறு சங்கும் காலிதானே, அதை எடுத்துக்கொள்கிறேன்” என்று பையன் கேட்டான். “அது காலி வீடு. இவன் வளர்ந்ததும் குடிபோக வேண்டாமா?” என்றான் தம்பி. வாடகை வீடு மாறி மாறியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அது சுருக்கென்றது.

இதைத்தான் ‘பணம் கட்டிப் போன எங்களை அவமானப்படுத்தினான்’ என்று எழுதியிருக்கிறார்.

என்ன பதில் வரும் என்று தெரியும். “குழந்தையிடம் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாமே.” சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். குரல் சத்தமாகத்தான் இருந்தது. காற்று, படகு எஞ்சின், 22 பேரின் பேச்சு, இத்தனைக்கும் நடுவில் நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. அந்த ஒரு வாக்கியத்தின் சத்தத்துக்காக ஒருவனின் முகத்தை ஊரெல்லாம் ஒட்டுவீர்களா? 26 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். பெற்றவர் காது கொடுக்காத இடத்தில் பிள்ளையிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியவன் மேல்தான் எப்போதும் பழி விழும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மேலும் ஒரு முறை விழுந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

“ராமேஸ்வரத்துக் கடைத்தெருவில் சங்கும் சிப்பியும் குவித்து வைத்து விற்கிறார்களே, அங்கே போய்க் கேளேன்” என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். ஐயா, கடைத்தெரு தேசியப் பூங்கா இல்லை. குருசடை, மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற தீவு. அந்தப் பூங்காவை 1986இல் அறிவித்தார்கள், 560 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குள் செல்லுபடியாகும். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நானும் அந்தக் கடைகளில் சாவிக்கொத்து வாங்கியிருக்கிறேன்.

சாவிக்கொத்து மட்டுமா? சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளைப் பவளம் இருக்கிறது. மான்கொம்பு போலக் கிளை கிளையாக, ஒரு சாண் உயரம். 1987இல் ராமேஸ்வரம் போனபோது அப்பா வாங்கித் தந்தது. ‘கல் பூ’ என்றுதான் அதைச் சொல்வோம். அதற்கு உயிர் இருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் சோப்பு நுரையில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவைப்பாள். என் கல்யாணத்துக்குப் பிறகு சண்டை போட்டு வாங்கிவந்தேன். என் தங்கைக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவில் முருகைக்கல்லை, அதாவது பவளப் பாறையை, வண்டி வண்டியாக வெட்டினார்கள். சுண்ணாம்புக்கு, அஸ்திவாரத்துக்கு, ஆலைக்கு. என் ‘கல் பூ’ அந்தக் கணக்கில் தூசி. படகில் தம்பி கேட்டான்: “இந்தப் பூங்காவில் எத்தனை தீவு?” பெரியவர் உடனே “21” என்றார். “பலகையில் 21, கடலுக்கு மேலே 19” என்றான். பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்தால் அலையைத் தாங்க அங்கே என்ன மிஞ்சும்? பவளத்தைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்ததே 2001இல்தான். மிஞ்சியதையும் வெயில் விடவில்லை. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த வருடங்களை அவன் விரல்விட்டுச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “தம்பி, டால்பின் எத்தனை மணிக்கு?”

“கடலடியை வாரும் இழுவைமடி வலைக்காரர்களையும் ஆலைக் கழிவையும் விட்டுவிட்டு, ஒரு குழந்தை பொறுக்கிய பதினொரு சங்கில்தான் கடல் அழியப் போகிறதா?” இது என் கல்லூரித் தோழி கேட்டது. அருமையான கேள்வி. இதே கேள்வியை ஒவ்வொரு படகிலும் ஒருவர் கேட்பார். ஒவ்வொரு படகிலும் பதினொன்று. கூட்டிக்கொள்ளுங்கள். தவிர, இழுவைமடிக்கு எதிராக என் தோழி இதுவரை ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. சங்கு என்றதும்தான் அவளுக்குக் கடல் ஞாபகம் வருகிறது.

அடுத்தது, எனக்கு உள்ளபடியே வலித்தது: “நீ என்ன, வனத்துறைக்கு வக்காலத்தா?”

இல்லை. தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

திரும்பி வரும்போது நான் படகின் முனையில் அந்தத் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடற்கரை ஊர்தான் அவனுக்கு. “அம்மா என்ன செய்கிறார்?” என்று கேட்டேன். “பாசி எடுக்கிறார்கள் அக்கா” என்றான். கடல்பாசி. அதில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று வகைகள். விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பறிக்கிற வேலை. அவனுடைய பாட்டி, பாட்டியின் அம்மா எல்லோரும் இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பறித்திருக்கிறார்கள். இரவு தீவிலேயே தங்கி, சோறாக்கித் தின்று, காலையில் மறுபடியும் இறங்குவார்களாம். பூங்கா வந்தது, கட்டுப்பாடு இறுகியது, தீவுப் பக்கம் போகாதே என்றாகிவிட்டது. “நீ அம்மாவை ஒருநாள் இந்தப் படகில் கூட்டிவந்திருக்கிறாயா?” என்று கேட்டேன். சிரித்தான். “அம்மா சீட்டு வாங்கி வர வேண்டும் அக்கா” என்றான்.

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

நண்பரே, ‘பணம் கட்டிப் போனோம்’ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, நான்கு தலைமுறையாகப் போன பெண்களுக்கு இல்லாத உரிமை உங்களுக்கு அந்தச் சீட்டில் வந்துவிட்டது. அந்தப் பெண்கள் தாங்களாகவே மாதத்தில் 12 நாள்தான் பாசிக்கு இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். யாரும் தடியைக் காட்டிச் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரான, சின்னப்பாலம் என்ற ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கொடுத்தார்கள், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற பன்னாட்டு விருது. அந்தப் பக்கம் பார்த்தால், நிறுவனமும் திட்டமுமாகச் சேர்ந்து கொண்டுவந்து வளர்த்த வெளிநாட்டுப் பாசி ஒன்று இதே குருசடையின் பவளத்தின் மேல் ஏறிப் போர்வை மாதிரி மூடியதை 2008இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். விரலில் துணி சுற்றியவள் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். இதில் நான் யாருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

“அப்படியானால் அவனே அந்த அநியாயத்துக்குத்தானே வேலை செய்கிறான்” என்று மடக்குவீர்கள். மடக்குங்கள். அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அம்மா போக முடியாத இடத்துக்கு மகன் தினமும் இரண்டு முறை போய், முன்பின் தெரியாதவர்களிடம் ‘மிதிக்காதீர்கள், எடுக்காதீர்கள்’ என்று கெஞ்சுகிறான். அந்த வேலையும் உங்கள் ஒரு பதிவால் போய்விடும் நிலையில் இருக்கிறது. விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். பகிர்ந்தவர்களுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, அவர்கள் இந்நேரம் வேறு ஒருவன் மேல் கோபப்படப் போயிருப்பார்கள்.

நேற்று அவனிடம் பேசினேன். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். நான்தான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவன், “விடுங்கள் அக்கா. நாளைக்கு இரண்டு படகு இருக்கிறது, நீரோட்டம் சரியாக இருந்தால்” என்று வைத்துவிட்டான். பேச்சோடு பேச்சாக என் அலமாரிப் பவளத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிடட்டுமா என்றும் கேட்டேன். “அது செத்து நாற்பது வருடம் ஆகிறது, போட்டு என்ன அக்கா செய்வது?” என்றான்.

சரி. படம் இன்னும் இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீக்காவிட்டால் போகட்டும், பகிர்ந்தவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். அந்தத் தம்பி கையை நீட்டி அதட்டுகிறானே, அந்தப் படத்தைப் பெரிதாக்கி இடது கீழ் மூலையைப் பாருங்கள். ஒரு நீலச் சட்டையும், மணல் ஒட்டிய இரண்டு முழங்கால்களும் தெரியும். அது அந்தப் பையன். குப்புறப் படுத்து, முகவாயைக் கையில் தாங்கி, நடந்து போகிற ஒரு சங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கை நீட்டியது அவனிடம் இல்லை. அந்த நண்டு போகிற வழியில் செருப்புக் காலோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவரிடம், “சார், காலை எடுங்கள்” என்று சொல்லத்தான்.